அப்பாவின் ரிவால்வரும் 9 எம்.எம். யோசனையும்

கொடைக்கானல் கீழ்மலையிலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். ஊர், பெயர், தோட்டத்தின் அடையாளம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சுருக்கத்தை மட்டும் தருகிறேன். வயது 46. காப்பியும் மிளகுமாகப் பன்னிரண்டு ஏக்கர். வீடு தோட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. அடுத்த வீட்டு விளக்கு முக்கால் கிலோமீட்டர் தள்ளித்தான் தெரியும். வீட்டில் மனைவி, 78 வயது அம்மா, விடுமுறைக்கு வந்துபோகும் கல்லூரி மகள். போன மாசியில் களத்தில் காயப் போட்டிருந்த மிளகில் மூன்று மூட்டை ராத்திரியோடு ராத்திரியாகப் போய்விட்டது. "மூன்று மூட்டைக்கு எதுக்கு ஸ்டேஷன் அலைச்சல்" என்று புகார் கொடுக்கவில்லை. சித்திரையில் பக்கத்துத் தோட்டத்தில் பின்கதவை உடைத்து உள்ளே வந்தவர்கள், தனியாக இருந்த பெரியவரைக் கட்டிப்போட்டுவிட்டு நகையை எடுத்துப் போயிருக்கிறார்கள். அன்றிலிருந்து இவருக்குத் தூக்கம் இல்லை. இது போதாதென்று காட்டுமாடு வாசல் வரை வருகிறது, இரண்டு நாய்களைச் சிறுத்தை தூக்கிவிட்டது.

"கைத்துப்பாக்கி வாங்கலாம் என்று இருக்கிறேன் சார். மூன்று மாதமாக வெளிநாட்டு வீடியோக்களாகப் பார்க்கிறேன். 9 எம்.எம். போதும் என்கிறார் ஒருவர். .357 மேக்னத்துக்குக் கீழே எடுப்பது வீண் என்கிறார் இன்னொருவர். .38 நடுத்தரம் என்கிறார்கள். எந்த காலிபர் எடுக்கலாம்? நான் ஊரில் இல்லாதபோது மனைவியோ, காவலுக்குப் படுக்கும் ஆளோ அதை எடுத்துக்கொள்ளலாம்தானே?" இதுதான் கேள்வி. கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரு வரி: "அப்பா வைத்திருந்த பழைய .32 ரிவால்வர் பீரோவில் இருக்கிறது. லைசென்ஸ் புத்தகமும் இருக்கிறது. அப்பா தவறிப் பதினான்கு மாதம் ஆகிறது. அது சின்னது, பழசு, நம்ப முடியாது என்பதால்தான் புதிதாகக் கேட்கிறேன்."

அன்புள்ள வாசகருக்கு,

நான்கு பக்கத்தில் உடனே பதில் சொல்ல வேண்டிய வரி அந்தக் கடைசி வரிதான். காலிபரை, அதாவது குண்டின் அளவை, பிறகு பேசுவோம்.

பீரோவில் இருப்பது

லைசென்ஸ் துப்பாக்கிக்குக் கொடுப்பது என்று பலரும் நினைக்கிறார்கள். அது ஆளுக்குக் கொடுப்பது. உங்கள் அப்பா காலமான அன்றே அந்தப் புத்தகமும் செல்லாமல் போய்விட்டது. அதன் பிறகு பீரோவில் இருப்பது, சட்டத்தின் கண்ணில், உரிமம் இல்லாத துப்பாக்கி. சாவி உங்கள் கையில் இருப்பதால் வைத்திருப்பவர் நீங்கள். ஆயுதச் சட்டம், 1959-ன் 25(1பி) பிரிவில் இதற்கான தண்டனை, 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு. யாரையும் சுட வேண்டாம், வெளியே எடுக்கக்கூட வேண்டாம். வைத்திருந்தாலே போதும்.

இதற்கு வழியையும் அதே சட்டமே வைத்திருக்கிறது. 21-வது பிரிவு: உரிமம் காலாவதியாகியோ வேறு காரணத்தாலோ ஆயுதம் வைத்திருப்பது சட்டவிரோதமாகிவிட்டால், தேவையற்ற தாமதம் இல்லாமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். பதினான்கு மாதத்தைத் தாமதம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் நீங்களாக எழுத்தில் தெரிவித்து ஒப்படைப்பதற்கும், வேறு எதற்கோ வீட்டுக்கு வந்த போலீசார் பீரோவில் பார்ப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது. முதலாவதில் உங்களிடம் விளக்கம் இருக்கிறது. இரண்டாவதில் அவர்களிடம் வழக்கு இருக்கிறது.

எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வரலாமே என்று தோன்றும். வேண்டாம். உரிமம் இல்லாத ரிவால்வரை ஜீப்பில் வைத்துக்கொண்டு மலைப்பாதையில் போவது இன்னொரு சிக்கல், வழியில் வனத்துறைச் சோதனைச் சாவடி வேறு இருக்கும். முதலில் நிலைய ஆய்வாளருக்கு ஒரு கடிதம். அப்பாவின் இறப்புச் சான்று நகல், லைசென்ஸ் புத்தகத்தின் நகல், எந்த அறையில் எந்தப் பீரோவில் இருக்கிறது, எத்தனை தோட்டா இருக்கிறது, ஒப்படைக்க விரும்புகிறேன், எப்படி ஒப்படைக்க வேண்டும் என்று தெரிவியுங்கள். இவ்வளவுதான் கடிதம். உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரோடு போய்க் கொடுங்கள், நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். பிறகு அவர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள், அல்லது கொண்டுவரச் சொல்வார்கள். கொண்டுவரச் சொன்னால் அதையும் எழுத்தில் கேளுங்கள்.

அதுவரை ரிவால்வரைத் தொடாதீர்கள். துடைக்க வேண்டாம், மடக்கிப் பார்க்க வேண்டாம், "வேலை செய்கிறதா" என்று தோட்டத்தில் ஒரு வேட்டு போட்டுப் பார்க்கவே வேண்டாம். குண்டு உள்ளே இருக்கிறதா இல்லையா என்பது உங்களுக்கே உறுதியாகத் தெரியவில்லை. பீரோவைப் பூட்டி, சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். தோட்டாக் கணக்கு மட்டும் முக்கியம். உரிமப் புத்தகத்தின் பின்பக்கங்களில் எந்தத் தேதியில் எத்தனை தோட்டா வாங்கினார் என்று கடைக்காரர் எழுதி முத்திரை போட்டிருப்பார். பெட்டியில் இருப்பது அதற்குப் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். குறைந்தால், அப்பா சுட்டுப் பழகியதில் செலவாகியிருக்கும் என்று கடிதத்திலேயே சொல்லிவிடலாம். கூடினால் அதையும் மறைக்காமல் ஒப்படைத்துவிட வேண்டும்.

ஒப்படைத்தால் போய்விடும் என்று பயப்படாதீர்கள். ஆயுத விதிகள், 2016-ன் 25-வது விதி, இறந்தவரின் துப்பாக்கிக்கு வாரிசின் பெயரில் உரிமம் வழங்க இடம் தருகிறது. வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லை என்ற கடிதம், உங்கள் விண்ணப்பம். உங்களுக்குத் தகுதி இருந்தால் அதே ரிவால்வர் உங்கள் பெயருக்கு வரும். (இதே விதியில் இன்னொன்றும் உண்டு. உரிமம் பெற்றவருக்கு 70 வயதாகிவிட்டாலோ, அந்தத் துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றிக்கொள்ளலாம். மலையில் வயதான அப்பாக்கள் இருக்கும் வீட்டார் இதைக் கவனிக்கலாம்.)

9 எம்.எம்.மும் .38-ம் உங்களுக்குக் கிடைக்காது

நீங்கள் பார்த்த வீடியோக்காரர்களின் நாட்டில் கடைக்குள் போய்ப் பத்து காலிபரைக் கையில் எடுத்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். இங்கே அந்தத் தேர்வில் பெரும்பகுதியைச் சட்டம் முடித்துவைத்துவிட்டது. ராணுவமும் போலீசும் பயன்படுத்தும் தோட்டாவைச் சுடக்கூடிய துப்பாக்கிகள் தடை செய்யப்பட்ட ரகம். கடைக்காரர்கள் பி.பி. (புரொஹிபிட்டட் போர்) என்பார்கள். கைத்துப்பாக்கியில் 9 எம்.எம்., .38, .455 எல்லாம் அதில் வரும். உரிமம் தருவது கலெக்டர் இல்லை, டெல்லியில் உள்துறை. மிளகுத் தோட்டக்காரருக்கு அது கிடைக்கும் என்று நம்பி ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். "வாங்கித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் அது கள்ளத் துப்பாக்கி. தடை செய்யப்பட்ட ரகத்தை உரிமமின்றி வைத்திருந்தால் 7 முதல் 14 ஆண்டு.

.357 மேக்னம் தடைப்பட்டியலில் இல்லை. ஆனால் 1980-களின் நடுவிலிருந்து தனிநபர்கள் கைத்துப்பாக்கி இறக்குமதி செய்வது நின்றுபோனதால், அதற்கு முன்பு வந்தவையே கைமாறிக் கைமாறிச் சுற்றுகின்றன. விலை லட்சக்கணக்கில். தோட்டா கிடைப்பதும் கஷ்டம். பழகுவதற்குத் தோட்டா கிடைக்காத துப்பாக்கியை வாங்கி என்ன செய்வது?

ஆக, கலெக்டர் உரிமத்தில் நடைமுறையில் மிச்சம் இருப்பவை .22, .25, .32. இதில் நம் நாட்டுத் தொழிற்சாலைகள் அதிகம் செய்வதும் தோட்டா சுலபமாகக் கிடைப்பதும் .32-தான். கான்பூர் ஃபீல்டு கன் ஃபேக்டரி 2014-ல் பெண்களுக்கென்று கொண்டுவந்த 'நிர்பீக்' ரிவால்வரும் .32, 'அஷானி' பிஸ்டலும் .32, பின்னர் வந்த 'பிரபல்' ரிவால்வரும் .32. நம்ப முடியாது என்று நீங்கள் ஒதுக்கிய அப்பாவின் காலிபர்தான் நாடு முழுக்கத் தனியார் கைத்துப்பாக்கிகளில் புழங்குகிறது.

.32 என்றால் எவ்வளவு?

காலிபர் என்பது குண்டின் குறுக்களவு. புள்ளி வைத்து எழுதினால் அங்குலத்தில். .32 என்றால் ஏறத்தாழ 8 மி.மீ. 9 எம்.எம். அதைவிட ஒரு மில்லிமீட்டர்தான் அகலம். வித்தியாசம் அகலத்தில் இல்லை, பின்னால் தள்ளும் மருந்தில் இருக்கிறது. குழாயை விட்டு வெளியே வரும்போது குண்டின் ஆற்றல் .22-க்குச் சுமார் 120 ஜூல், .32-க்குச் சுமார் 170, 9 எம்.எம்.முக்கு 470 பக்கம், .357 மேக்னத்துக்கு 700 பக்கம். தோட்டாவுக்குத் தோட்டா கொஞ்சம் மாறும்.

இந்த எண்களைப் பார்த்து .32 அடித்தால் ஆள் நிற்பான், .357 அடித்தால் பறந்து விழுவான் என்று நினைக்க வேண்டாம். எந்தக் கைத்துப்பாக்கிக் குண்டும் ஆளைத் தூக்கி எறியாது. சுடுபவர் கையில் எவ்வளவு உதை விழுகிறதோ, அதற்கு மேல் எதிராளியைத் தள்ள அதற்குத் தெம்பு கிடையாது. கைத்துப்பாக்கிக் குண்டு தான் தொட்ட இடத்தைத்தான் கிழிக்கும். எனவே குண்டு எங்கே படுகிறது, எவ்வளவு ஆழம் போகிறது என்பதுதான் கணக்கு, இரண்டும் கையைப் பொறுத்தவை. .32-ல் ஐந்து மீட்டரில் ஒரு தட்டளவுக்குள் தொடர்ந்து போட முடிகிறவர், .357-ன் உதைக்குக் கண்ணை மூடிக்கொள்பவரைவிட ஆபத்தானவர். மூடிய அறைக்குள், இருட்டில், காது மறைப்பு இல்லாமல் .357 வெடித்தால் சுட்டவருக்கே சில நிமிடம் கண்ணும் தெரியாது, காதும் கேட்காது. அடுத்த அறையில் அம்மா கூப்பிட்டால் கேட்க வேண்டாமா?

இன்னொன்றும் இருக்கிறது. தோட்ட வீடுகளில் உள்சுவர் பாதி பலகைத் தடுப்பு, மேலே தகரம். .32-ம் பலகைக் கதவைத் துளைத்துக்கொண்டு போகும். அதைவிடப் பெரியது இரண்டு தடுப்பைத் துளைக்கும். நீங்கள் குறிபார்க்கும் திசையில், கதவுக்கு அந்தப் பக்கம், யார் படுத்திருக்கிறார்கள் என்று ஒருநாள் பகலில் கட்டிலைக் கட்டிலாகப் பாருங்கள். பெரிய காலிபர் ஆசை கொஞ்சம் குறையும்.

.32-ல் பலரும் தவறும் இடம் ஒன்று. அந்தப் பெயரில் இரண்டு தோட்டா இருக்கிறது. ரிவால்வருக்கானது ஸ்மித் அண்ட் வெசன் லாங். அதன் பித்தளைக் கூடு 23 மி.மீ. நீளம், அடியில் நன்றாகத் துருத்திய விளிம்பு. பிஸ்டலுக்கானது ஏ.சி.பி. கூடு 17 மி.மீ., விளிம்பு துருத்தியும் துருத்தாமலும் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் நிறுத்தினால் குழந்தைக்கும் தெரியும். தனியாகப் பெட்டியில் கிடந்தால் பெரியவர்களுக்கும் தெரியாது. பிஸ்டல் தோட்டா சில ரிவால்வர்களின் சுழலிக்குள் (தோட்டா நிற்கும் உருளை) நுழைந்துவிடும், ஆனால் அதன் அழுத்தம் அந்த ரிவால்வருக்காகக் கணக்கிட்டது இல்லை. வாங்கும்போது உரிமத்தில் ரிவால்வர் என்று இருக்கிறதா, பிஸ்டல் என்று இருக்கிறதா என்பதைப் பார்த்தே கேளுங்கள்.

ரிவால்வரா பிஸ்டலா என்றால், உங்கள் நிலைமைக்கு ரிவால்வர். பிஸ்டலின் மேல்மூடியை இழுத்து விட விரலில் வலு வேண்டும், மேகசின் ஸ்பிரிங் தளர்ந்தால் சிக்கும், சிக்கினால் எடுத்துவிடத் தினப்பழக்கம் வேண்டும். ரிவால்வரில் ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் விசையை மறுபடி இழுத்தால் அடுத்தது வரும். அப்பாவுடையது வாரிசு வழியில் உங்களுக்கு வந்தால், உரிமம் பெற்ற துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் காட்டாமல் தோட்டா போடாதீர்கள். நடுவில் மடங்கும் மாதிரியாக இருந்தால் முதலில் தேயும் இடம் மேல் கொக்கி. அது தேய்ந்தால் சுடும்போதே துப்பாக்கி வாய் பிளக்கும். சுழலி ஆடுகிறதா, குழாயோடு நேராக நிற்கிறதா, ஊசி முனை மழுங்கியிருக்கிறதா, குழாய்க்குள் துருக்குழி இருக்கிறதா என்று பார்ப்பார். தேறாவிட்டால் கடையில் கொடுத்துவிட்டு, கலெக்டர் அலுவலக அனுமதியோடு புது .32 வாங்கிக்கொள்ளலாம்.

பழைய தோட்டாவை நம்ப வேண்டாம். மலைமூட்டத்தில் பல வருஷம் தோல் உறைக்குள் கிடந்த தோட்டாவின் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். துப்பாக்கியையும் தோல் உறையிலேயே வைத்தால், உறை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு, தையல் படும் இடத்தில் கோடு கோடாகத் துரு பிடிக்கும். உறை வெளியே கொண்டுபோக மட்டும். வீட்டில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சும், இரும்புப் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலமும் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். பயிற்சியில் 'டப்' என்ற சத்தத்துக்குப் பதில் 'புஸ்' என்று வந்தால் உடனே நிறுத்த வேண்டும். குண்டு குழாயிலேயே தங்கியிருக்கும். அடுத்ததைச் சுட்டால் குழாய் வெடிக்கும். பயிற்சியில் ஒன்றுமே வெடிக்காவிட்டால் அரை நிமிடமாவது குழாயைப் பாதுகாப்பான திசையிலேயே பிடித்திருங்கள், தாமதமாகவும் வெடிக்கலாம்.

யாரைச் சுடலாம்?

கடிதத்தில் இல்லாத கேள்வி, ஆனால் எல்லாம் இதில்தான் நிற்கிறது. தற்காப்பு உரிமை இப்போது, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையான பிரிவுகளில் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் இதுதான் நடைமுறை. உங்கள் கடிதத்தில் இருக்கும் இரண்டு சம்பவங்களையே எடுத்துக்கொள்வோம்.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வீட்டில் நடந்தது கொள்ளை. இரவில் கதவை உடைத்து உள்ளே வருவது, கொள்ளையடிப்பது, குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைப்பது, உயிருக்கோ உடலுக்கோ பெருங்கேடு வரும் என்று நியாயமாகப் பயப்படும்படி நடப்பது ஆகியவற்றில் 41-வது பிரிவு உயிரைப் போக்கும் அளவுக்கும் உரிமை தருகிறது. அதிலும் தேவைக்கு மேல் காயப்படுத்தக் கூடாது, போலீசை அழைக்க நேரமிருந்தால் உரிமையே இல்லை என்று 37-வது பிரிவு கட்டுப்போடுகிறது.

உங்கள் களத்தில் நடந்தது வெறும் திருட்டு. மூட்டையைத் தூக்கிக்கொண்டு வேலியைத் தாண்டி ஓடுகிறவன் முதுகில் சுட்டால், உரிமம் இருந்தாலும் கொலை வழக்குத்தான். மூன்று மூட்டை மிளகு இன்றைய விலைக்கு ஒரு லட்சத்துக்குக் குறையாது, வயிறு எரியும், தெரியும். ஆனாலும் சட்டத்தில் அதற்கு உயிர் ஈடாகாது. தற்காப்பு என்று நீதிமன்றத்தில் காட்ட வேண்டிய பொறுப்பும் சுட்டவருடையது. போலீஸ் தரப்பு அளவுக்குச் சந்தேகமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, அப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். உச்ச நீதிமன்றம் 2010-ல் தர்ஷன் சிங் வழக்கில் இந்தக் கொள்கைகளைத் தொகுத்துச் சொல்லியிருக்கிறது: கோழை போல ஓட வேண்டியதில்லை, ஆனால் பழிவாங்க அந்த உரிமை கிடையாது.

மிரட்டுவதற்கு மேலே பார்த்து ஒரு வேட்டு? மேலே போன குண்டு எங்காவது இறங்கும், உங்கள் பக்கம் தொழிலாளர் வரிசை வீடுகளும் தகரக் கூரைதான். உயிருக்கு ஆபத்து வரும்படி அலட்சியமாகச் சுட்டால் 2 ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 2019 திருத்தம் சொல்கிறது.

மனைவியும் காவல் ஆளும் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூடாது. மனைவிக்கு வேண்டுமென்றால் அவர் பெயரில் உரிமம் வேண்டும். காவல்காரர் கையில் கொடுத்தால் அவர் உரிமமில்லாமல் வைத்திருந்தவர், நீங்கள் நிபந்தனையை மீறியவர். அதாவது நீங்கள் ஊரில் இல்லாத ராத்திரிகளில் இந்தத் துப்பாக்கி இரும்புப் பெட்டியில்தான் இருக்கும். அந்த ராத்திரிகளுக்கும் சேர்த்துத்தான் பாதுகாப்பை யோசிக்க வேண்டும்.

காட்டுமாடும் சிறுத்தையும்

170 ஜூல் குண்டு ஒரு டன் காட்டுமாட்டுக்குக் கொசுக்கடி. ஆனால் கோபம் வரப் போதுமான கடி. காயம்பட்ட காட்டுமாடோ சிறுத்தையோ காப்பிச் செடிகளுக்குள் படுத்திருக்கும் தோட்டத்தில் மறுநாள் காலை பெண்கள் பழம் பறிக்கப் போக முடியாது. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972-ன் 11(2) பிரிவு, தன் உயிரையோ பிறர் உயிரையோ காக்க நல்லெண்ணத்தோடு செய்ததை மன்னிக்கிறது. நாயைக் காக்க, பயிரைக் காக்க என்பதற்கு அந்த மன்னிப்பு கிடையாது. இரண்டும் முதல் அட்டவணை விலங்குகள், தண்டனை 3 முதல் 7 ஆண்டு. காட்டுப்பன்றி விஷயத்திலும் தமிழக அரசு 2025-ல் அனுமதித்தது வனத்துறை சுடுவதற்குத்தான், காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் மட்டும். இதற்காகத் துப்பாக்கி வேண்டும் என்று விண்ணப்பத்தில் ஒரு வரிகூட எழுதாதீர்கள்.

பத்து கிலோமீட்டர்

மலைக்காரர்கள் பலருக்குத் தெரியாத தடை இது. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் 34(3) பிரிவுப்படி, சரணாலய எல்லையிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் புதிய துப்பாக்கி உரிமம் எதுவும் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவு இல்லாமல் கொடுக்கக் கூடாது. கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் 2013-ல் அறிவிக்கப்பட்டது, சுமார் 609 சதுர கிலோமீட்டர். கீழ்மலையில் உங்கள் தோட்டம் அந்தப் பத்துக்குள் வராமல் இருக்க வாய்ப்பு குறைவு. வாரிசு உரிமத்தையும் உங்கள் பெயரில் புதியது என்றே எடுத்துக்கொள்வார்கள் என்று நினைத்துத் தயாராகுங்கள். கலெக்டர் அலுவலகத்தில் கோப்பு மாதக்கணக்கில் நகராமல் இருந்தால் பெரும்பாலும் வனத்துறைக் கடிதத்துக்காகத்தான் இருக்கும். சர்வே எண்ணோடு மாவட்ட வன அலுவலரிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டு, தூரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் மேல் வன வழக்கு ஏதாவது இருந்தால், சின்னதானாலும், அதை முதலில் முடியுங்கள்.

விண்ணப்பம்

ஏ-1 படிவம், திண்டுக்கல் கலெக்டருக்கு. கூடவே எஸ்-1 என்ற பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, எஸ்-3 என்ற உடல், மனநல மருத்துவச் சான்று. தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். காவல்துறை 30 நாளில் அறிக்கை தர வேண்டும், அது வந்து 60 நாளில் கலெக்டர் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. மறுத்தால் காரணம் எழுத்தில் கேளுங்கள், 30 நாளில் மேல்முறையீடு செய்யலாம். கிடைத்தால் 5 ஆண்டுக்குச் செல்லும். தேர்தல் வந்தால் ஒப்படைக்கச் சொல்வார்கள்.

கைத்துப்பாக்கிக்கு 'தக்க காரணம் இருக்கிறது' என்று கலெக்டர் திருப்தியடைய வேண்டும் என்கிறது 13(3) பிரிவு. அதே பிரிவு, 20 அங்குலத்துக்குக் குறையாத குழாயுள்ள 12 போர் போன்ற ஷாட்கன் ரகத் துப்பாக்கியைப் பாதுகாப்புக்குக் கேட்டால், மறுக்கச் சட்டம் சொல்லும் காரணம் இல்லாத வரை, வழங்க வேண்டும் என்கிறது. அதன் சக்தி 2000 ஜூலுக்கு மேல், தோளில் வைத்துச் சுடுவதால் குறியும் சுலபம். பத்து கிலோமீட்டர் தடை அதற்கும் உண்டுதான். புதிதாக ஒன்று கேட்டே ஆக வேண்டும் என்றால் நான் அதைத்தான் கேட்கச் சொல்வேன்.

தக்க காரணத்துக்கு உங்களிடம் இன்று ஒரு காகிதமும் இல்லை. மிளகு போனதற்குப் புகார் கொடுத்திருந்தால் எஃப்.ஐ.ஆர். நகல் இருந்திருக்கும், குறைந்தது சி.எஸ்.ஆர். என்ற புகார் ரசீதாவது இருந்திருக்கும். காவல்துறை அறிக்கை எழுதுபவர் பார்ப்பது அதைத்தான். இப்போதும் கொடுக்கலாம். தாமதத்துக்குக் காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

இதற்கெல்லாம் எப்படியும் பல மாதம் ஆகும். அதற்குள் இன்னொரு மாசி வந்துவிடும். காயாத மிளகானாலும் இருட்டுவதற்குள் அள்ளி உள்ளே வைத்துவிடுங்கள். களத்துக்கும் பின்கட்டுக்கும் ஆள் நடமாட்டத்தில் எரியும் சோலார் விளக்கு. பின்கதவுக்குத் தாழ்ப்பாள் மட்டும் போதாது, சுவரில் பதித்த கொண்டியில் குறுக்கே ஒரு இரும்புப் பட்டை. நாயை ராத்திரி கம்பிக் கூண்டுக்குள் விடுங்கள், சிறுத்தையிடமிருந்தும் அது காக்கும். அம்மா படுக்கும் அறைக் கதவு உள்ளிருந்து பலமாகப் பூட்டும்படி இருக்கட்டும், அந்த அறையில் எந்த மூலையில் போன் சிக்னல் கிடைக்கிறது என்று பார்த்து வைத்து, 112-ஐ அழைக்க எல்லோருக்கும் பழக்குங்கள். கூரை மேல் சைரன் ஒன்று வைத்தால் முக்கால் கிலோமீட்டர் தாண்டிக் கேட்கும். மனைவியும் மகளும் கையில் வைத்துக்கொள்ள 'பெப்பர் ஸ்பிரே' போதும், உரிமம் வேண்டாம். பெயர்தான் மிளகு, உள்ளே இருப்பது மிளகாய்க் காரம்.

இந்த வாரமே அந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள். ஒப்படைக்கும்போது தரும் ரசீதில் வெறுமனே 'ரிவால்வர் 1' என்று எழுதினால் வாங்காதீர்கள். காலிபர், துப்பாக்கியில் பொறித்திருக்கும் எண், தோட்டா எண்ணிக்கை, நிலைய முத்திரை நான்கும் இருக்க வேண்டும். வாரிசு விண்ணப்பத்தோடு முதலில் கேட்கப்போவது அந்த ரசீதைத்தான்.